ஐயாவின் கை படவில்லை

அப்போதிக்கரி நவரத்தினம் தன் வீட்டு முற்றத்தில் வந்து நிற்பார் என்று அன்ரோனெற் கனவிலும் நினைத்ததில்லை. அன்று காலையில்தான் கோட்டிலிருந்து அவளுக்குச் சம்மன் வந்திருந்தது. அடுப்பில் குழம்பு கொதித்து விளிம்பால் வழிந்துகொண்டிருக்க, அதை இறக்கவும் தோன்றாமல் குந்தியிருந்தாள். வாசற் படலையடியில் கார் வந்து நின்ற சத்தம் கேட்டதும் அவளுடைய புருஷன் வலன்ரைன் கையிலிருந்த வலையைப் போட்டுவிட்டு ஓடினான். வீட்டிலிருந்த ஒரே நல்ல கதிரையைத் தூக்கிவந்து வேப்பமர நிழலில் வைத்து, தன் சாரத்தாலேயே துடைத்தும் விட்டான்.

"இருங்கோ ஐயா."

"வேண்டாம். நிண்டு கதைக்கிற விஷயந்தான்."

நெடுவரம்பு என்ற அந்த ஊர் மன்னார்ப் பக்கம், வங்காலைக்கும் முசலிக்கும் இடையில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வயலுமாகக் கிடந்தது. டாக்குத்தர் என்று ஒருவர் அந்த ஊருக்கு வந்ததே இல்லை. அரசாங்கம் ஒரு டிஸ்பென்சரியைக் கட்டி, அதில் ஓர் அப்போதிக்கரியை இருத்தியிருந்தது. அவர்தான் டாக்குத்தர், அவர்தான் மருந்து, அவர்தான் அரசாங்கம். அந்த டிஸ்பென்சரியைக் கூட்டவும் கழுவவும் போத்தல் அலசவும் வைத்திருந்த அற்றன்டன்தான் அன்ரோனெற்.

"பிள்ளை, சம்மன் வந்ததோ?" என்று கேட்டார் நவரத்தினம்.

"ஓம் ஐயா."

"எனக்கும் வந்தது. முதலாம் எதிராளி நீ, இரண்டாம் எதிராளி நான்! ஆரின்ர பேரோடை ஆரின்ர பேரைச் சேத்து எழுதிக்கிடக்கு எண்டு பாத்தியோ?"

வழக்கு வந்ததைவிட, அந்த வழக்கில் தான் இரண்டாவதாகப் போனதுதான் அவருக்கு அதிகம் வலித்தது போலிருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நான் சொல்லுறதைக் கவனமாக் கேள். அண்டைக்கு நான் டிஸ்பென்சரியிலை இல்லை. மருந்து எடுக்க மன்னாருக்குப் போயிட்டன். அந்தத் தெற்குத் தெருக்காரி வந்து கெஞ்சினாள், நீ பாவம் பாத்து ஊசியைப் போட்டனி. இவ்வளவும்தான் நடந்தது."

"நீங்கள் நிண்டனீங்களே ஐயா. சன்னலடியிலை நிண்டு..."

"நான் நிண்டது உனக்கும் எனக்கும் தெரியும். கோட்டுக்கும் தெரியவேணுமோ? நான் சொன்னபடி சொன்னியெண்டால் கந்தோரிலை இருக்கிற பெரியவைக்கு உன்னைப்பற்றி நல்லா எழுதுவன். வேற ஆஸ்பத்திரிக்கு மாத்திவிடுவினம். உத்தியோகம் போகாது. மாறிச் சொன்னியோ, பிறகு என்னட்டை வந்து அழக்கூடாது."

"அவ அப்பிடியே சொல்லுவா ஐயா. நீங்கள் யோசிக்காதேங்கோ," என்றான் வலன்ரைன். அவளுக்காக வேறொருவர் பதில் சொல்வது அந்த வீட்டில் புதிதல்ல.

கார் போனதும் கதிரையை உள்ளே தூக்கிக்கொண்டு போனான். கடல் சில காலம் தரும், சில காலம் தராது. அன்ரோனெற்றின் அரசாங்கச் சம்பளம்தான் அந்த வீட்டில் உலை தவறாமல் கொதிக்கச் செய்தது. அது போனால் என்ன ஆகும் என்பது இருவருக்கும் தெரியும்.

நடந்தது இதுதான்.

நெடுவரம்பின் தெற்குத் தெருவில் வயற்கூலிகள் இருந்தார்கள். ஊரார் உண்ணும் நெல்லை விதைத்ததும் வெட்டியதும் அவர்கள் கைதான். ஆனால் அந்தக் கை படக்கூடாது. கிணற்றில் படக்கூடாது, கோயில் கதவில் படக்கூடாது, தேத்தண்ணிக் கடைக் கிளாசில் படக்கூடாது. இதெல்லாம் நெடுவரம்பு தானாகச் செய்துகொண்ட ஒழுங்கு. அரசாங்கச் செலவில் கட்டிய டிஸ்பென்சரிக்கு அந்த ஒழுங்கைக் கொண்டுவந்தவர் நவரத்தினம்.

தெற்குத் தெருவார் முன் வாசலால் வரமாட்டார்கள். பின் விறாந்தையில், சன்னலுக்கு வெளியே நிற்பார்கள். ஐயா உள்ளே இருந்தபடியே நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பார். நாடி பிடிப்பதில்லை. அவர்களுக்கென்று வேறு ஊசி, வேறு கிண்ணம். ஊசி போட வேண்டியிருந்தால் அன்ரோனெற்றைக் கூப்பிட்டு, சன்னலுக்குள்ளால் பென்சிலை நீட்டி, குத்த வேண்டிய இடத்தைக் காட்டுவார்.

அவள் ஊசி போடப் படித்தவள் அல்ல. ஒரு நாள் நவரத்தினம் வாழைத்தண்டு ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, அதில் குத்திப் பழகு என்றார். பழகினாள். வாழைத்தண்டுக்கு நரம்பு இல்லை, அது கத்தவும் இல்லை. அதோடு அவளுடைய படிப்பு முடிந்தது.

அவளிலும் பிழை இருந்தது. அதை மறைத்துக் கதை சொல்ல எனக்கு விருப்பமில்லை. தெற்குத் தெருச் சனங்கள் அவளை ஆஸ்பத்திரித் தாதியைப் போல "மிஸி அக்கா" என்று கூப்பிட்டார்கள். போத்தல் கழுவப் போனவளை ஒரு தெருவே மிஸி என்று மரியாதை பண்ணியபோது அவளுக்கு அது இனித்தது. எனக்கு இது தெரியாது ஐயா என்று ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை.

அரிவு வெட்டுக் காலத்தில் தம்புவின் மனைவி சிவலட்சுமிக்குக் கையில் அரிவாள் பட்டுச் சீழ் வைத்துவிட்டது. பின் விறாந்தைக்கு வந்தாள். பெனிசிலின் ஊசி போடு என்றார் ஐயா. உள்ளே கட்டில் இருந்தது, அதில் குப்புறப் படுக்க வைத்துத்தான் இடுப்பில் ஊசி போட வேண்டும். ஆனால் அந்தக் கட்டில் தெற்குத் தெருவாருக்கு இல்லை. திறந்த விறாந்தையில், வெட்கத்தில் ஒடுங்கிப்போய், சேலையை இரண்டு விரலளவு மட்டும் இறக்கிக்கொண்டு சிவலட்சுமி சுவரைப் பிடித்தபடி நின்றாள். பென்சில் காட்டியது. அன்ரோனெற் குத்தினாள். சிவலட்சுமி "ஐயோ" என்று கத்திக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

கைப்புண் ஆறிவிட்டது. கால் போய்விட்டது. வலது பாதம் தூக்கத் தூக்கத் தொங்கியது. சேற்றில் இறங்கி நாற்று நடவோ, வரப்பில் கடகம் சுமக்கவோ இனி முடியாது. வயலைத் தவிர வேறொன்றும் தெரியாத பெண்ணுக்கு அது பாதி உயிர் போனதற்குச் சமம். மன்னார் ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்குத்தர், ஊசி இடம் தவறி நரம்பில் பட்டிருக்கிறது, இனி அந்தக் கால் பழையபடி வராது என்று சொல்லிவிட்டார்.

தம்புவும் சிவலட்சுமியும் அரசாங்கத்தின் மேல்தான் வழக்கு வைக்கப் போனார்கள். பட்டினத்தில் பிரக்கிராசி அமிர்தநாயகம் ஏழைகளின் வழக்கையும் எடுப்பார் என்று கேள்விப்பட்டிருந்தார்கள். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அரசாங்கத்துக்கு மேலை வழக்கு வைக்கேலாது."

"ஏன் ஐயா? டிஸ்பென்சரி அரசாங்கத்தின்ரைதானே? சம்பளம் குடுக்கிறதும் அரசாங்கந்தானே?" என்றான் தம்பு.

"ஓம். ஆனா எங்கட சட்டத்திலை அரசாங்கம் எண்டால் இன்னும் இங்கிலாந்து மகாராணி. மகாராணி பிழை செய்யமாட்டா எண்டுதான் சட்டம் நினைக்குது. அவவின்ர ஊழியன் பிழை விட்டால் அந்த ஊழியனைத்தான் பிடிக்கலாம். அவனுக்கு மேலை போகேலாது."

"சுதந்திரம் வந்திட்டுது எண்டு கொடி ஏத்தினவை," என்றாள் சிவலட்சுமி.

"கொடி மாறினது. இது மாறேல்லை."

அவர் நல்ல மனிதர்தான். சிவலட்சுமியைப் பார்க்க அவருக்கு வெட்கமாயிருந்தது. ஆனாலும் சட்டம் அதுதான்.

"அப்ப அந்த ஐயா? அவர்தானே போடச் சொன்னவர்," என்றாள் சிவலட்சுமி.

"அவரையும் சேப்பம். ஆனா பிள்ளை, அவரின்ர கை உம்மிலை பட்டதோ?"

சிவலட்சுமி சிரித்துவிட்டாள். பிரக்கிராசியின் வீட்டுக்கு வந்த பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

"அவரின்ர கையோ? அது எங்களிலை படுமோ ஐயா?"

வழக்கு விசாரணைக்கு வந்த அன்று கோட்டு வளவில் நிழல் தரும் மரம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதன் கீழ் முதலாம் எதிராளியும் வழக்காளியும் ஒன்றாக நிற்க வேண்டியதாயிற்று. சிவலட்சுமி தடியில் சாய்ந்து, தொங்கும் பாதத்தை ஒரு வேரின் மேல் வைத்திருந்தாள். அன்ரோனெற்றின் கண் அந்தப் பாதத்தை விட்டு எடுபடவில்லை.

"நோகுதோ?"

"நொந்தாலும் பறவாயில்லை எண்டு இருக்கு. அது அங்க இருக்கிறதே தெரியேல்லை, மிஸி அக்கா."

அந்த "மிஸி அக்கா" அன்ரோனெற்றுக்குக் கன்னத்தில் அறைந்தது போலிருந்தது.

"என்னை அப்பிடிக் கூப்பிடாதேயுங்கோ. நான் மிஸி இல்லை."

"அது எங்களுக்கு முந்தியே தெரியும். எங்களைத் தொட்டு மருந்து தாறதுக்கு உங்களை விட்டால் வேற ஆர் இருந்தவை? அதாலை கூப்பிட்டம்." சிவலட்சுமி தடியை மாற்றிப் பிடித்தாள். "உங்களிலை கோவம் இல்லையெண்டு சொன்னால் அது பொய். கோவந்தான். ஆனா உங்களை மட்டும் பிடிச்சுக் குடுக்கவெண்டு நான் வரேல்லை. அந்த மனிசனும் பதில் சொல்லவேணும். அதுக்குத்தான் வந்தனான்."

வலன்ரைன் வந்து மனைவியைத் தோளில் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனான். "என்ன சொல்லவேணும் எண்டு நினைவிருக்குத்தானே?" என்று இரண்டு தரம் கேட்டான்.

கோட்டில் எல்லாம் இங்கிலீசில் நடந்தது. முதலியார் என்ற துவிபாஷகர் ஒருவர் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று இரண்டு பக்கத்துக்கும் மொழிபெயர்த்தார். அன்ரோனெற் வேதாகமத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தாள். நவரத்தினம் முன் வாங்கில் இருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வலன்ரைனும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஊசி போட்ட நேரம் அப்போதிக்கரி எங்கே?" என்று கேட்டார் அமிர்தநாயகம்.

வேர்மேல் கிடந்த பாதம் அன்ரோனெற்றின் கண்ணுக்குள் வந்தது. கொதிக்கும் உலையும் வந்தது.

"அங்கதான் நிண்டவர். சன்னலுக்கு உள்ளுக்கு. எங்க குத்தவேணும் எண்டு பென்சிலாலை காட்டினவர். தெற்குத் தெருவாருக்கு எப்பவும் நான்தான் போடுறனான். அவர்தான் போடச் சொல்லுறவர்."

சொல்லி முடித்ததும் அவளுக்கு நெஞ்சு லேசானது. அந்த லேசு அரை நாழிகை கூட நிலைக்கவில்லை. நவரத்தினத்துக்காக வாதாட வந்த அப்புக்காத்து எழுந்தார். அவர் கோபப்படவில்லை. அவளுக்கு நன்றி சொல்பவர் போலத் தலையாட்டினார்.

"என் கட்சிக்காரர் அங்கே நின்றார் என்கிறாய். நல்லது. அவர் அந்தப் பெண்ணைத் தொட்டாரா?"

"இல்லை."

"ஊசியைத் தொட்டாரா?"

"அவையின்ர ஊசியை அவர் தொடமாட்டார்."

"பென்சில் அவளில் பட்டதா?"

"இல்லை. சன்னலுக்குள்ளாலை நீட்டிக் காட்டினதுதான்."

"ஆகவே, ஊசி இறங்கிய இடத்தைக் கடைசியில் தெரிந்தெடுத்தது யாருடைய கை?"

முதலியார் மொழிபெயர்த்துவிட்டுக் காத்திருந்தார். அன்ரோனெற் தன் வலது கையைப் பார்த்தாள்.

"என்ர கை."

பிறகு நவரத்தினம் கூண்டில் ஏறினார். மன்னாருக்கு மருந்து எடுக்கப் போன கதை இனித் தேவைப்படவில்லை. அதைவிட நல்ல கதை அவருக்குக் கிடைத்துவிட்டது.

"ஒரு நோயாளியை நீங்கள் ஏன் உங்கள் கையால் பார்க்கவில்லை?" என்று கேட்டார் அமிர்தநாயகம்.

"அது அந்தச் சனம். அவையளை நான் தொடுறேல்லை. நான் இந்த டிஸ்பென்சரிக்கு வந்த நாள் தொட்டு ஒருத்தரையும் தொட்டதில்லை. ஊரிலை ஆரையும் கேட்டுப் பாக்கலாம்."

அதைச் சொன்னபோது அவருக்குக் குரல் தடுமாறவில்லை. வெட்கமும் இல்லை. தன் நல்லொழுக்கத்துக்குச் சாட்சி சொல்பவர் போலச் சொன்னார்.

"அப்படித் தீண்டாமை பாராட்டுவது குற்றம் என்று நாட்டில் சட்டம் வந்திருப்பது தெரியுமா?"

அப்புக்காத்து எழுந்து மறுத்தார். அது இந்த வழக்கில் கேள்வி அல்ல, வேண்டுமானால் பொலிசில் முறையிடலாம் என்றார் நீதிபதி. ஆனால் நவரத்தினம் சொன்ன வாக்கியத்தை மட்டும் ஒரு சொல் தவறாமல் எழுதிக்கொண்டார்.

தீர்ப்பை முதலியார் தமிழில் சொன்னார். அரசாங்கம் வழக்கில் இல்லை, இருக்கவும் முடியாது. இரண்டாம் எதிராளி முதலாம் எதிராளிக்கு எசமான் அல்ல. இருவரும் ஒரே எசமானின் ஊழியர்கள், அந்த எசமான்மேல் வழக்கு இல்லை. வழக்காளியின் உடலில் தன் கை படவே இல்லை என்று இரண்டாம் எதிராளி சொன்னதை முதலாம் எதிராளியே ஒப்புக்கொண்டிருக்கிறாள். ஆகவே அவர்மேல் உள்ள வழக்குத் தள்ளப்படுகிறது. நட்டத்துக்கு முதலாம் எதிராளி மட்டுமே பொறுப்பு.

தீண்டமாட்டேன் என்றது அவருடைய குற்றம். அந்தக் குற்றமே அவருடைய குற்றமின்மைக்குச் சாட்சியும் ஆகிவிட்டது! ஒரு காலை இழந்த பெண், ஒரு வேலையை இழக்கப்போகும் பெண், இருவரும் உண்மை சொன்னார்கள். அந்த இரண்டு உண்மையையும் படியாக வைத்து அவர் ஏறி வெளியே போய்விட்டார்.

அன்ரோனெற்றை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். படிக்காத வேலையைத் தானாக எடுத்துச் செய்தாள் என்பது காரணம். அவளுக்கு அந்த வேலையைக் கொடுத்தவர் யார் என்று கந்தோரில் ஒருவரும் கேட்கவில்லை. வலன்ரைன் அவளோடு பேசுவதை விட்டுவிட்டான். அவள் முன்னாலிருந்த சோற்றுக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, "உண்மையைத் தின்னு," என்று ஒரு நாள் சொன்னான்.

தீர்ப்பை வைத்து அவளுடைய வீட்டுச் சாமானை ஏலம் போடலாம் என்று அமிர்தநாயகம் சிவலட்சுமியிடம் சொன்னார். சொல்ல வேண்டியது அவர் கடமை.

"அங்க என்ன கிடக்கு ஐயா? ஒரு கதிரை கிடக்காம். அவவைக் கொண்டுபோய் நடுத்தெருவிலை விட்டால் என்ர கால் எழும்புமோ? வேண்டாம்." தம்பு ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் அடங்கிப்போனான்.

டிஸ்பென்சரிக்குப் புதிதாக ஓர் அற்றன்டன் வந்தான். அவனும் படிக்காதவன்தான். வந்த கிழமையே அவனுக்கும் ஒரு வாழைத்தண்டு கொடுக்கப்பட்டது.

மாரி தொடங்கிய ஒரு காலையில் டிஸ்பென்சரியில் நல்ல சனம். விட்டுவிட்டு வரும் காய்ச்சலோடு அன்ரோனெற்றும் வரிசையில் நின்றாள். தான் கூட்டிக் கழுவிய நிலத்தில் இப்போது நோயாளியாக நிற்க அவளுக்கு உடம்பு கூசியது. வேறு எங்கே போவது? அந்த ஊருக்கு அந்த ஒரு கதவுதானே!

அப்போது முன் வாசலில் ஒரு சலசலப்பு. சிவலட்சுமி படியேறிக்கொண்டிருந்தாள். ஒரு படி, தடி, பிறகு இழுபடும் பாதம். யாரும் அவளைப் பிடிக்கவில்லை, தடுக்கவும் இல்லை. நேரே உள்ளே போய், நோயாளிகள் இருக்கும் முக்காலியில் இருந்தாள். சட்டைக் கையை மேலே தள்ளிவிட்டு, கையை அப்போதிக்கரியின் மேசைமேல் நீட்டி வைத்தாள்.

"நாடி பாருங்கோ ஐயா."

நவரத்தினத்தின் முகம் கறுத்தது. "உனக்கு இடம் தெரியாதோ? பின்பக்கம் போ. அற்றன்டன் பாப்பான்."

"அற்றன்டன் பாத்துத்தான் ஐயா இந்தக் கால் போனது."

"அதுக்கு?"

"கோட்டிலை முதலியார் வடிவாச் சொன்னவர். பிழை வந்தால் தொட்ட ஆளைத்தான் கேக்கலாமாம். தொடாத ஆளை ஆரும் ஒண்டும் கேக்கேலாதாம்." அவள் குரல் உயரவில்லை. "அதாலை இனி எங்களை நீங்கள்தான் தொடவேணும். நாளைக்கு எனக்கு ஒண்டு நடந்தால், கேக்கிறதுக்கு எனக்கு ஒரு ஆள் வேணும்."

நவரத்தினம் கதிரையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். வெளியே போ என்று கத்த வாய் திறந்தார். வாசலில் நிற்கும் சனத்தைப் பார்த்தார். கோட்டில் எழுதப்பட்ட அந்த வாக்கியமும், பொலிசில் முறையிடலாம் என்ற பேச்சும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும், கத்தவில்லை. அவளை அங்கே இல்லாதவளாக்கிவிடலாம் என்று எண்ணியவர்போல, அவள் தலைக்கு மேலால் பார்த்துக் கூப்பிட்டார்.

"அடுத்த ஆள்!"

அடுத்த ஆள் அன்ரோனெற். காய்ச்சலில் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அவவைப் பாத்து முடியட்டும் ஐயா. நான் நிக்கிறன்."

"உன்னைத்தான் கூப்பிடுறன். அடுத்த ஆள் வா!"

அவளுக்குப் பின்னால் நின்ற கடற்கரைப் பக்கத்துக் கிழவி ஒருத்தி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "எனக்கும் அவசரமில்லை," என்றாள். அவளுக்குப் பின்னால் நின்றவர் நிலத்தைப் பார்த்தார், ஆனால் அவரும் நகரவில்லை.

நவரத்தினம் பேனையைத் திறந்தார், மூடினார். சிவலட்சுமியின் கை மேசைமேல் நீட்டியபடியே கிடந்தது.